மிச்சம் பதினொரு நொடி

தம்பி இறந்த பன்னிரண்டாம் நாள் அவள் வேலைக்குத் திரும்பினாள். வாசலில் கைப்பேசியை வாங்கி டப்பாவில் போட்ட காவலர், எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை அவளிடமும் கேட்டார்.

"இன்னைக்கு என்ன வம்பு, மேடம்?"

கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் கேட்காமல் விட்டிருந்தால் அவருடைய பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக நின்றிருக்கும். அந்த அலுவலகத்துக்குள் நுழைகிற எவரும் ஒரு கிண்டலைச் சொல்லிவிட்டு நுழைய வேண்டும், அல்லது ஒன்றை வாங்கிக்கொண்டு நுழைய வேண்டும். விடுப்பு முடிந்து வருகிறவர்களுக்குச் சலுகை எதுவும் விதியில் இல்லை.

"உங்க தொப்பிக்கு உங்க தலை போதலையே" என்றாள்.

அவர் நன்றியோடு எழுதிக்கொண்டார்.

அங்கே எடுக்கப்படுவது சாகசப் படங்கள். ஏழு வீரர்கள், ஒரு உலகம், அதற்கு வருடத்துக்கு ஒரு ஆபத்து. எட்டுப் பாகங்கள் வெளிவந்து, ஒன்பதாவது முடியும் தறுவாயில் இருந்தது. மூன்றாம் பாகத்தின்போதுதான் நிறுவனம் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தது: மக்கள் உலகம் பிழைப்பதைப் பார்க்க வருவதில்லை, உலகம் எரிந்துகொண்டிருக்கும்போது அந்த ஏழு பேரும் ஒருவரை ஒருவர் வாரிவிடுவதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அன்றிலிருந்து கலகலப்பு வாரியம் என்று ஒன்று அமைக்கப்பட்டது. அது போட்ட முதல் விதி, எந்தப் படத்திலும் தொண்ணூறு நொடிக்கு மேல் சிரிப்பில்லாமல் போகக் கூடாது. இரண்டாவது விதி, குழுவைப் பற்றிப் படம் எடுப்பவர்களும் குழுவாக இருக்க வேண்டும்.

இரண்டாம் விதியின்படி ஊழியர்களுக்கு அட்டைகள் வழங்கப்பட்டன. கழுத்தில் தொங்கும் அட்டையில் பெயருக்குக் கீழே பாத்திரம் அச்சிடப்பட்டிருக்கும். கோபக்காரர், அப்பாவி, பீற்றிக்கொள்பவர், தூங்குமூஞ்சி. ஒலித் தொகுப்பாளரான அவளுக்குக் கிடைத்தது ‘முறைப்பவர்’. அங்கேயே வசனம் எழுதிய தம்பிக்குக் ‘கோமாளி’. தினமும் காலையில் பத்து நிமிடம், நடைகூடத்தில் எல்லோரும் நின்று அவரவர் பாத்திரப்படி ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வார்கள். வருகைப்பதிவு உண்டு. தம்பி ஏதாவது சொல்வான், அவள் முறைப்பாள், எல்லோரும் சிரிப்பார்கள். ஆறு வருடம் முறைத்ததில் அவளுடைய புருவங்களுக்கு நடுவே ஒரு கோடு விழுந்து, வீட்டிலும் போகாமல் நின்றுவிட்டது.

அவன் வீட்டில் ஒரு கிண்டல்கூடச் செய்ததில்லை. பேசியதே குறைவு. "ஆபீஸ்லயே எல்லாத்தையும் பேசித் தீத்துட்டு வந்துடுறான் போல" என்பாள் அம்மா. சாப்பிடுவான், தட்டைக் கழுவி வைப்பான், ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வான். ஒரு பகல் வேளையில் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். தூங்குகிறான் என்று நினைத்து இரண்டு பேருந்துகள் அவனைக் கடந்து போயின. மூன்றாவது பேருந்தின் நடத்துநர்தான் இறங்கி வந்து தோளைத் தொட்டுப் பார்த்தார். இதயம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

அவள் திரும்பிய அன்று இரங்கல் கூட்டம் வைத்திருந்தார்கள். வாரியத் தலைவர் மிகவும் பண்பானவர். யாரையும் ஒருமையில் பேசாதவர், இறந்தவர்களைத் தவிர. அவர் பேசத் தொடங்கியதும் சுவரோரம் கடிகாரக்காரர் நின்றுகொண்டார். படங்களில் தொண்ணூறு நொடியை அளப்பதற்கென்று நியமிக்கப்பட்டவர் அவர். கையில் நிறுத்துக் கடிகாரமும் ஒரு சிவப்புத் துணியும் இருக்கும்.

"அவன் வெறும் ஊழியன் இல்ல. நம்ம குடும்பம்" என்றார் தலைவர். "இந்தக் கட்டடத்துல ஒவ்வொரு செங்கல்லும் அவன் சிரிப்பைக் கேட்டிருக்கு. நேத்து முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கல. அவனுக்குப் பதிலா யாரு, யாருன்னு அதே யோசனை..."

சிவப்புத் துணி உயர்ந்தது.

"...ஆனா ஒண்ணு. ஒருநாளும் அவன் நேரத்துக்கு வந்தது கிடையாது. போறது மட்டும் சீக்கிரமாப் போயிட்டான்!"

எல்லோரும் சிரித்தார்கள். கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கியது. கூட்டம் பதினைந்து நிமிடம் நடந்தது. பத்து முறை துணி உயர்ந்தது, பத்து முறை சிரித்தார்கள். ஏழாவது முறையோ எட்டாவது முறையோ அவள் அழுதுவிட்டாள்.

மறுநாள் மேசையில் ஒரு குறிப்பாணை இருந்தது. பொருள்: பாத்திர மீறல். ‘முறைப்பவர்’ முறைக்க மட்டுமே அனுமதிக்கப்பட்டவர் என்பதும், கண்ணீர் ‘அப்பாவி’யின் பங்கில் வருவது என்பதும், சம்பந்தப்பட்ட அப்பாவி இதுகுறித்து வாய்மொழியாக வருத்தம் தெரிவித்திருக்கிறார் என்பதும் அதில் கண்டிருந்தன.

அவள் படித்துவிட்டு முறைத்தாள். வேறு என்ன செய்வது.

வேலை காத்துக்கொண்டிருந்தது. ஒன்பதாம் பாகத்தின் ஒலியை முடிக்க வேண்டும். நடிகர்கள் வந்து குரல் கொடுக்கும்வரை, வசனம் எழுதியவனே ஏழு பேருக்கும் பேசித் தற்காலிகமாகப் பதிவுசெய்து வைப்பது வழக்கம். அந்தக் குரலை நீக்கிவிட்டு நடிகர்களின் குரலைப் பொருத்துவதுதான் அவள் வேலை. அதாவது, தம்பியை ஒவ்வொரு வரியாக அழிக்க வேண்டும்.

வசனங்களை அழித்தாள். சிரிப்புகளை அழிக்க முடியவில்லை. அது அவள் மனம் இடம் கொடுக்காததால் அல்ல. நடிகர்களுக்குச் சிரிக்க வரவில்லை. ஏழு பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் நான்கு வருடம் ஆகிறது; தனித்தனி நாளில் தனித்தனியாக வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். எல்லாம் இருமல் மாதிரி இருந்தது. ஆகவே வாரியம் தீர்மானித்தது: பேச்சு அவர்களுடையது, சிரிப்பு தம்பியுடையது. அவன் சிரிப்பையே எடுத்து, ஆளுக்கேற்ப இறுக்கியும் தளர்த்தியும் ஏழு பேருக்கும் வைக்க வேண்டும். மலைபோன்ற உடம்புள்ள மலைத்தோளனுக்குக் கனமாக. காந்தக்காரிக்கு மெல்லிசாக. அலைவீரனுக்கு இழுவையாக. பேசும் நாய்க்கு வேகமாக.

அவள் வைத்தாள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை செத்துப்போன தம்பி ஏழு தொண்டைகளில் சிரித்தான். வீடு திரும்பும்போது மின்தூக்கியில் யாராவது சிரித்தால் அவளுக்கு முதுகு சில்லிட்டது. குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன் காற்று வருகிற சத்தத்தில் அவன் சிரிப்பதற்கு முன் மூச்சிழுப்பது கேட்டது. தன் சொந்தத் தம்பிக்குப் பயப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. பிறகு ஒருநாள்தான் புரிந்தது, அவள் பயந்தது அவனுக்கு அல்ல. இந்தச் சிரிப்பு அவனுடையதே இல்லையோ என்று பயந்தாள். வீட்டில் அவன் சிரித்து அவள் கேட்டதில்லை. பிறகு யாருடையது இது?

ஒரு ராத்திரி அம்மா சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள். "அவன் பேசினது ஏதாவது இருக்காடி? போன்ல, எதுலயாவது?"

தேடினார்கள். அவன் அனுப்பியதெல்லாம் எழுத்து. ‘சரி.’ ‘வர்றேன்.’ ‘சாப்பிட்டேன்.’

"குரல் மறந்துபோயிருமோன்னு இருக்கு" என்றாள் அம்மா. விளக்கை அணைத்தாள்.

மலைத்தோளன் இறக்கும் காட்சியில்தான் அவள் அதைக் கண்டுபிடித்தாள்.

எட்டுப் பாகங்களிலும் மலைத்தோளனுக்கு இருந்த ஒரே வேலை, மற்ற ஆறு பேரும் அவன் உடம்பைக் கிண்டல் செய்ய இடம் கொடுப்பது. ஒன்பதில் அவன் இடிந்து விழும் பாலத்தைத் தோளில் தாங்கி, ஆறு பேரும் தப்பிய பிறகு சாகிறான். பாலத்தைத் தாங்கும்போது நாய் கடைசியாக ஒரு தடவை சொல்கிறது: "வயித்தை உள்ள இழுப்பா, பாலத்துக்கு இடம் பத்தல." அங்கிருந்து அவன் கண் மூடும்வரை எழுபத்தொன்பது நொடி. அதற்குப் பிறகு வருகிற இடத்தில் தம்பி ஒரு பதிவு செய்து வைத்திருந்தான். அவள் பல் மருத்துவரிடம் போயிருந்த நாளில், இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, தனியாக.

முதலில் நாற்காலியை இழுக்கும் சத்தம். மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, ஏழு பேரில் யாருடையதும் அல்லாத ஒரு குரல்.

"அக்கா, நீதானே கேப்ப இதை. இங்க ஒண்ணும் எழுத வரலக்கா. கணக்குப் போட்டேன். தொண்ணூறுல எழுபத்தொம்பது போயிருச்சு. மிச்சம் பதினொண்ணு. அது விதியிலயே நமக்கு இருக்கு. இதை மட்டும் விட்டுடு."

அதன்பின் அவன் பேசவில்லை. ஒலிவாங்கியின் முன் சும்மா உட்கார்ந்திருந்தான். பதினொரு நொடி. அடைத்த மூக்கு, மூச்சு உள்ளே போய் முடியும் இடத்தில் மெலிதாக ஒரு விசில், ஒரு முறை எச்சில் விழுங்கினான். பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டான்.

சிறுவயதில் ஒரே அறையில் படுத்துறங்கியபோது அவள் கேட்ட மூச்சு அது. சந்தேகமே இல்லை.

அவள் நேராகத் தலைவர் அறைக்குப் போனாள். ஒரு பிரதி வேண்டும், அம்மாவுக்குக் கேட்கக் கொடுக்க, ஒரு நிமிடம்கூட இல்லை என்றாள்.

தலைவர் எழுந்து நின்று அவளுக்கு நாற்காலி போட்டார். "உங்க வேதனை எனக்குப் புரியாதா? என் தம்பி மாதிரி அவன். ஆனா யோசிங்க. அவன் குரல் இப்ப ஏழு பேரோட குரல். உலகம் முழுக்க இருக்கிற ரசிகர்களோட சொத்து. அதைப் போய் ஒரு வீட்டுக்கு எப்படித் தூக்கிக் குடுக்கிறது? நீங்களே சொல்லுங்க, அது சுயநலம் இல்லையா?"

"அவன் எங்க வீட்டுக்காரன் சார்."

"எல்லாரும் நம்ம வீட்டுக்காரங்கதான்" என்றார் தலைவர் மனம் நெகிழ்ந்து. "அம்மாவைப் படம் பாக்கச் சொல்லுங்க. அவன் முழுப் படத்துலயும் சிரிக்கிறானே!"

ஒலிக்கூடத்திலிருந்து ஒரு துண்டு ஒலியைக்கூட வெளியே கொண்டுபோக வழியில்லை. கைப்பேசி வாசலில், பைக்குச் சோதனை. ஆகவே அந்தப் பதினொரு நொடி அம்மாவின் காதுக்குப் போய்ச்சேர ஒரே பாதைதான் இருந்தது. திரையரங்கம்.

பேச்சை நீக்கிவிட்டு மூச்சை மட்டும் மலைத்தோளனின் சாவுக்கு அடியில் வைத்தாள். ஒலித் தொகுப்பில் மௌனம் என்பது ஒன்றுமில்லாத இடம் அல்ல. ஒன்றுமில்லாமல் விட்டால் ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்று ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஏதாவது ஓர் அறையின் சும்மா இருக்கும் சத்தத்தை எடுத்து நிரப்ப வேண்டும். அவள் தம்பி இருந்த அறையை எடுத்து நிரப்பினாள்.

அடுத்த வாரம் வாரியம் கூடியது. மலைத்தோளன் செத்த இடத்தில் சிரிப்பு இல்லாததைப் பற்றி ஒன்பது பேர் மூன்று மணி நேரம் விவாதித்தார்கள். சட்டப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்திருந்த புதுக் கோமாளி, கழுத்து அட்டையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டே நான்கு யோசனைகள் சொன்னார். நான்கிலும் ‘மேற்படி’ என்ற சொல் வந்தது. கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு வரியைப் பிரசவித்தார்கள். மலைத்தோளன் கண் மூடுகிறான். நாய் சொல்கிறது: "இனிமே வண்டியில எல்லாருக்கும் இடம் இருக்கும்."

ஒன்பது பேரும் சிரித்தார்கள். அவள் முறைத்தாள். அதற்கும் சிரித்தார்கள்.

"கண்ணை மூடின ரெண்டாவது நொடியில வரணும்" என்றார் தலைவர். "சோகம் ஒட்டிக்கக் கூடாது. ஒட்டிக்கிச்சுன்னா துடைக்கிறது கஷ்டம்."

"விதிப்படி தொண்ணூறாவது நொடியில வந்தாப் போதும் சார்" என்றாள் அவள். "இன்னும் பதினொரு நொடி இருக்கு."

"பதினொண்ணா? ரெண்டு போதாதா? பதினொரு நொடியில ஒருத்தன் தன் வாழ்க்கையையே யோசிச்சுப் பாத்துருவானேம்மா!"

யாரும் எதிர்பாராமல் கடிகாரக்காரர் தொண்டையைச் செருமினார். அவர் கூட்டங்களில் பேசி யாரும் கேட்டதில்லை. "முன்னாடி வைக்க முடியாதுங்க. இங்க ஒம்பது நொடி முன்னாடி போனா அடுத்த சிரிப்பும் ஒம்பது நொடி முன்னாடி வரணும். அது அலைவீரரோட பங்கு. அந்த நேரத்துல அவரு தண்ணிக்குள்ள இருக்காரு, சிரிக்க முடியாது. அவரு ஒப்பந்தத்துல பதினாலு சிரிப்பு போட்டிருக்கு. ஒண்ணு குறைஞ்சாலும் வழக்கு."

வழக்கு என்ற சொல் விழுந்ததும் அறையில் ஒரு கணம் உண்மையாகவே அமைதி நிலவியது. புதுக் கோமாளி மட்டும், தன் பழைய பிரிவை நினைத்தோ என்னவோ, மெல்லத் தலையசைத்தார்.

பதினொரு நொடி பிழைத்தது. கடிகாரக்காரர் அவளைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. சிவப்புத் துணியை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

வெளியீட்டுக்கு முன் அறுபது பேரை வரவழைத்துச் சோதனைத் திரையிடல் நடந்தது. நாற்காலிக் கைப்பிடியில் ஒரு பொத்தான். சிரிப்பு வந்தால் அழுத்த வேண்டும். அழுத்த அழுத்த அடுத்த அறையில் ஒரு கோடு ஏறி இறங்கும். தலைவர் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணாடி வழியாக ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலைத்தோளன் கண்ணை மூடினான். அறுபது விரல்களும் பொத்தானை விட்டு எழுந்தன. அரங்கத்தில் மூச்சு, விசில், எச்சில். ஒரு கணவன் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. தலைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு நாய் பேசியது.

கோடு காகிதத்தை விட்டே வெளியே போனது. அவ்வளவு நேரம் தாங்கமுடியாமல் இருந்ததெல்லாம் ஒரே அடியாகச் சிரிப்பாக வெடித்தது. கண்ணாடியைக் கழற்றிய பெரியவர் பொத்தானை முஷ்டியால் குத்தினார். நிறுவன வரலாற்றில் அப்படி ஒரு கோடு வந்ததில்லை.

தலைவர் கண் கலங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷமா நமக்கு இது தோணலையே! சிரிப்புக்கு முன்னாடி கொஞ்சம் சாவு வச்சா என்ன வேகம்! எங்கெங்க சிரிப்பு சோடையா இருக்கோ அங்கெல்லாம் இதைப் போடுங்க. இதே பதினொண்ணு, இதே சத்தம். வேற எதையும் நம்பாதீங்க, நிரூபிச்சதையே போடுவோம்."

உத்தரவு மறுநாள் வந்தது. இனி ஒவ்வொரு படத்திலும் குறைந்தது மூன்று மௌனம். மௌனப் பிரிவு என்ற ஒன்று உருவாக்கப்பட்டு, அதன் பொறுப்பாளராக அவள் நியமிக்கப்படுகிறாள். பாத்திரம் மாற்றமில்லை. கூடவே புது அட்டையும் வந்திருந்தது. அவள் தம்பியின் மூச்சை இரண்டு முறை பிரதி எடுத்தாள். ஒன்றை அலைவீரன் தன் காலணியைத் தேடும் இடத்தில் வைத்தாள். இன்னொன்றை, காந்தக்காரியின் இடுப்புப் பட்டையில் ஊரிலுள்ள கரண்டியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும் இடத்தில். விரல்கள் தானாக வேலை செய்தன. ‘இதை மட்டும் விட்டுடு’ என்று சொன்னவனை மூன்றாக ஆக்கிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தே செய்தாள். மறுத்திருந்தால் முதலாவதும் போயிருக்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான். உண்மை என்பதால் அது ஆறுதலாகிவிடவில்லை.

படம் வெளியான ஞாயிற்றுக்கிழமை, பகல் காட்சிக்கு அம்மாவை அழைத்துப்போனாள். ‘தம்பி வேலை பார்த்த படம்’ என்று மட்டும் சொன்னாள். அம்மா இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு, யார் வீட்டுக்கோ போவதுபோல் கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மணி நேரம் ஏழு பேரும் சிரித்தார்கள். அம்மா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நடுவில் அவள் காதருகே குனிந்து, "ஏன்டி, எல்லாரும் ஒரே மாதிரி சிரிக்கிறாங்க? வீட்டு ஆளுங்க சிரிக்கிற மாதிரியே இல்லையே" என்றாள்.

"படம்மா. அப்படித்தான்."

பாலம் சரிந்தது. மலைத்தோளன் தோள் கொடுத்தான். நாய் அவன் வயிற்றைப் பற்றிச் சொன்னது. அவள் திரையைப் பார்க்கவில்லை. மனதுக்குள் எழுபத்தேழு, எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது என்று எண்ணிக்கொண்டே அம்மாவின் கையைப் பார்த்தாள்.

அரங்கம் அடங்கியது. மூச்சு உள்ளே போனது. அதன் முடிவில் மெலிதாக விசில்.

கைப்பையின் மேலிருந்த அம்மாவின் விரல்கள் விறைத்தன. தலையை மெதுவாகச் சாய்த்தாள், பக்கத்து அறையில் யாரோ புரண்டு படுப்பதைக் கேட்பதுபோல். எச்சில் விழுங்கும் சத்தம் வந்தபோது அவளும் விழுங்கினாள்.

"சளி பிடிச்சிருக்குடி அவனுக்கு" என்றாள்.

நாய் பேசியது. நானூறு பேர் சிரித்தார்கள். அம்மாவுக்கு அது எதுவும் கேட்கவில்லை.

அலைவீரன் காலணியைத் தேடியபோது அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "இன்னும் விடல பாரு. மாத்திரை போடுடான்னு சொன்னாக் கேக்கவே மாட்டான்." கரண்டிகள் ஒட்டிக்கொண்டபோது, பதினொரு நொடியும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், தூங்கும் பிள்ளையின் பக்கத்தில் படுத்திருப்பவளைப்போல.

விளக்குகள் எரிந்தன. ஜனங்கள் நாயின் வசனத்தை ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்துக்கொண்டே வெளியேறினார்கள். அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. வெள்ளைத் திரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அடுத்த படத்துலயும் வருவானா?"

"வருவான்மா" என்றாள் அவள். "எல்லாப் படத்துலயும் வருவான். மூணு தடவை. உத்தரவு போட்டிருக்காங்க."

"மூணு தடவையா" என்றாள் அம்மா. யோசித்தாள். பிறகு திருப்தியோடு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வெறும் சளிதானே. அடுத்த படத்துக்குள்ள சரியாயிடும்."